வெயில் நிறம்

ஊரில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று பேசிய கூட்டத்தில் ஜெசிந்தாவை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பரம்பரையாக உடம்பில் இரும்புச்சத்து சேர்ந்துகொண்டே போகும் நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. அவள் கணவர் அருளப்பன் அந்த நோயில்தான் இறந்தார். "இந்த மரபணு இருக்கிற நிறைய பேருக்கு நோயே வராது. அவங்களை எதுக்கு ஆயுசு முழுக்கப் பயமுறுத்தணும்?" என்றார் இளம் டாக்டர் ஒருவர். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அருளப்பன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நாற்பது வயதுக்கு மேல் அவர் மேனி வெண்கலமாக மின்னத் தொடங்கியது. மைதானத்து வெயில் என்று நினைத்தாள். சாயங்காலம் விசிலைக் கழுத்தில் போட்டபடி அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதை ஜன்னலில் நின்று பார்ப்பதற்காகவே அடுப்பைத் தணித்துவைப்பாள். அந்த நிறத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

பிறகு ஈரல் கெட்டது. "எத்தனை வருஷமாக் குடிக்கிறார்?" என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்டார்கள். தொட்டதேயில்லை என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து, அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அருகில் போய் மூச்சை முகர்ந்து பார்ப்பாள். அவரும் அசையாமல் நிற்பார். உண்மையான காரணம் இரும்புச்சத்துதான், அந்த வெண்கல நிறமும் அதனால்தான் என்று தெரியவந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீங்களும் பயந்துக்கிட்டேதானேம்மா இருந்திருப்பீங்க?" என்று கூட்டத்தில் அந்த இளம் டாக்டர் தணிவாகக் கேட்டார்.

"பயந்திருப்பேன் சார்," என்றாள் ஜெசிந்தா. "ஆனா அவரை நம்பியிருப்பேன்."