ஏணியில தட்டுன டம்ளரு

ஒத்தக்கடை பக்கத்து யுனிவர்சிட்டியில, தண்ணிக்குள்ள ஒண்ணுபோல ஆடுற நீச்சல் கிளப்ப ஆரம்பிச்சவ வர்ஷினி. எட்டுப் பொண்ணுக தண்ணிக்குள்ள. இவ கரையில பெரிய ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டுட்டுத் தொண்ட கிழியக் கத்துவா.

"ஷெரினு, ஒங் காலு மட்டும் ஏன்டி லேட்டு? மேல ஏறு! நீ கிளப்புக்கே வேணாம்!"

ஷெரின் சும்மா போற ஆளா? தெனமும் வந்து, குளத்துக்குள்ள எறங்குற இரும்பு ஏணியில எவர்சில்வர் டம்ளரால டங்கு டங்குன்னு ஒரே சீராத் தட்டுனா.

"எதுக்குடி தட்டுற?"

"ஒம் மூஞ்சி கடுகடுங்குறதப் பாக்கத்தான்!"

ஆனா அன்னையிலருந்து எல்லாக் காலும் ஒண்ணா எந்திரிச்சுச்சு. "சனியன் ஒழிஞ்சுச்சு, டீம் தேறிருச்சு"ன்னு வர்ஷினிக்குப் பெருமை தாங்கல.

ஒரு நா சாயந்தரம் துணைவேந்தரு பாக்க வாராரு. சரியில்லன்னா கிளப்ப மூடிருவாரு. அதனால காலையிலேயே வாட்ச்மேன விட்டு ஷெரின வெளிய வெரட்டிட்டா.

ஒத்திகையில ஒரு காலு வடக்க, ஒரு காலு தெக்க.

"பாட்டு ஓடுதுல்ல, எல்லாரும் செவிடாடி?"

தண்ணியிலருந்து மதுவந்தி தலைய வெளிய நீட்டுனா. "ஒம் பாட்டு தண்ணிக்குள்ள எங்கடி கேக்குது? ஷெரினு ஏணியில தட்டுற சத்தந்தான் கேக்கும். அத வச்சுத்தான் இம்புட்டு நாளும் காலத் தூக்குனோம்!"

வர்ஷினி கேட்டுக்கு ஓடுனா. ஷெரின் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தா.

"வாடி... வந்து தட்டுடி."

ஷெரின் டம்ளர எடுத்து அவ கையில திணிச்சா.

"நீ தட்டு. நான் தண்ணியில எறங்குறேன். இனிமே எங் காலு லேட்டானா, ஒங் கையிலதான்டி கோளாறு."