உப்புத் தூவிய படிகள்

"பக்கத்து வீட்டுக் குகநேசன் மாமா ஒருக்காத்தானே எங்கட வாசலில ஸ்னோ தள்ளினவர்? ஏனம்மா ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில சொல்லுறார்?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"புண்ணியம் உறைஞ்சுபோகுமெல்லே பிள்ளை, அதுதான் அடிக்கடி எடுத்துச் சூடு காட்டுறார்" என்றாள் தவமலர்.

மகளைப் பெறத் தவமலர் வலியில் துடித்த அன்று, ஆம்புலன்ஸ் வர வாசல் பனியை வெட்டி வழி செய்தவர் அவர்தான். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தற்பெருமை. அவரைக் கண்டாலே தவமலருக்கு இளக்காரம்.

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்த குகநேசன் இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். அவர் வீட்டுப் படிகளில் பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. இன்னொருமுறை விழுந்தால் மனிதர் எழும்பமாட்டார். தவமலர் அதைக் கொத்தித் தள்ளி உப்புத் தூவினாள். தெருவில் ஒருவருமில்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் பிடித்து ஏறும் கம்பியையும் சுரண்டித் துடைத்தாள். கார்ச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.