வாசலைத் தாண்டிய செருப்பு

“இது வெளியில போடற செருப்பு இல்ல அத்தை. வீட்டுக்குள்ள போடறதுக்குன்னே வாங்கினது” என்றாள் மருமகள்.

“செருப்புன்னா செருப்புதான்” என்றார் மாமியார்.

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மருமகள் ஹாலில் நடக்க நடக்க, பின்னாலேயே ஈரத்துணியோடு தரையைத் துடைத்துக்கொண்டு மாமியாரும் நடந்தார்.

மருமகளுக்கு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை. நின்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நின்று நின்று உள்ளங்கால் வளைவு தளர்ந்துபோய்விட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி வலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்கே போவாள். இப்படியே விட்டால் தியேட்டர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது, உள்ளங்காலைத் தாங்குவதற்கு மேடு வைத்த இந்தச் செருப்பைத்தான் போட வேண்டும் என்பது அவர் உத்தரவு.

மாமியார் உத்தரவு வேறு. அந்த வீட்டில் யார் செருப்பும் வாசலைத் தாண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்க வந்தவர் ஷூவைக் கழற்றச் சோம்பல்பட்டார் என்பதற்காக, ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் ஓடாமலே கிடந்தது.

மருமகளிடம் நேருக்கு நேர் சண்டைக்கு வரமாட்டார். தங்கைக்குப் போன் போட்டு, மருமகள் காதில் விழுகிற தூரமாகப் பார்த்து நின்றுகொண்டு, “என் வீட்ல இப்பல்லாம் செருப்புச் சத்தத்துலதான் கண்ணு முழிக்கிறேன்” என்பார்.

கணவன் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். அம்மாவிடம் போனால், நான் அவளை என்ன சொன்னேன் என்றார். மனைவியிடம் போனால், நான் என்ன தப்பு பண்ணினேன் என்றாள். இரண்டுக்கும் பதில் தெரியாததால் ஆபீஸில் அதிக நேரம் வேலை பார்க்க ஆரம்பித்தான்.

கடைசியில் தனியாக ஒரு வீடு பாருங்கள் என்று மனைவியே சொல்லிவிட்டாள். அவனும் ஒரு வீட்டைப் பார்த்து வைத்துவிட்டு, சரி என்று சொல்ல மனசு வராமல் இழுத்துக்கொண்டிருந்தான்.

இதில் மருமகளுக்கு ஆறாத விஷயம் ஒன்று இருந்தது. இத்தனை பேச்சு வாங்கிக்கொண்டு போட்டும் வலி குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் போனாள்.

“ஆரம்பத்துல அந்த மேடு குத்தியிருக்குமே?” என்று கேட்டார் அவர்.

“பயங்கரமா குத்திச்சு டாக்டர். அழுதே விட்டேன். அப்புறம் தானா சரியாயிடுச்சு.”

“அவ்வளவு சீக்கிரம் சரியாகக் கூடாதே.”

செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் மேட்டை அழுத்தினார். மேடு என்று பெரிதாக எதுவும் இல்லை, நசுங்கிக் கிடந்தது. தாங்க வேண்டியது நசுங்கிப் போனால் வலி கூடாமல் என்ன செய்யும் என்றார். பிறகு அவளை நாலடி நடந்துகாட்டச் சொன்னார்.

“நீங்க வலிக்குப் பயந்து குதிகாலை ஊன்றதே இல்ல. ஆனா இதுல குதிகால் பட்ட இடம் குழியா இருக்கு. உங்களைவிட நல்ல கனமான ஆள் யாரோ இதைப் போட்டுக்கிட்டு நல்லா நடந்திருக்காங்க.”

வீட்டில் இருப்பதே மூன்று பேர். கணவன் பாதம் அந்தச் செருப்பில் பாதிகூட நுழையாது.

மருமகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தனக்கு ஒரு சட்டம், மருமகளுக்கு ஒரு சட்டமா? வெளியே வந்ததும் கணவனுக்குப் போன் போட்டாள். “அந்த வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சரின்னு சொல்லிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து செருப்பை எடுத்து, சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்தாள். வேறு ஒரு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இன்று மாமியார் ஈரத்துணியால் மேஜையின் மறுகோடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“நான் டியூட்டிக்குப் போனதும் நீங்கதான் இதைப் போட்டுக்கறீங்களா அத்தை?”

மாமியார் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தார்.

“ஜன்னலையெல்லாம் சாத்திட்டுதான் போடுவேன்” என்றார்.

“உங்களுக்கும் கால் வலின்னா சொல்லியிருக்கலாமே. எனக்கு மட்டும் ஏன் இத்தனை பேச்சு?”

“எனக்கென்ன வலி? அதைப் போட்டாத்தான் வலிக்குது.”

“அப்புறம் எதுக்குப் போடறீங்க?”

“மேடு குத்துதுன்னு நீ ரூம்ல அழுதது எனக்குக் கேட்டுச்சு. புதுச் செருப்புன்னா பழகற வரைக்கும் படுத்தத்தான் செய்யும். உனக்கு நாளெல்லாம் நிக்கிற வேலை, நீ எங்க அதைப் பழக்குவே? நான் சும்மாதானே இருக்கேன். அதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு, நீ போனதும் போட்டுக்கிட்டு வீடு முழுக்க மிதிச்சு நடந்தேன். அப்புறம் தரையைத் துடைச்சிட்டேன்.”

மருமகளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை அடக்குவது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வரும்போது கொண்டுவந்த கோபத்தை நினைக்க வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. கணவன்தான். வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார், சொல்லிவிடட்டுமா என்று கேட்டான்.

“வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றாள்.

மாமியார் அதற்குள் செருப்பை மேஜையிலிருந்து எடுத்து, இரண்டையும் மாறி மாறி விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த இடது கால்ல மட்டும் இன்னும் கொஞ்சம் மேடு மிச்சமிருக்கும்மா. ரெண்டு நாள் பொறுத்துக்கோ, அதையும் நசுக்கிடறேன்.”