ஆறரை மணி இரைச்சல்

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தாள் அவள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை. நாற்பத்தேழு வயதில் வயலின் கற்க ஆரம்பித்தவள். காலையில் ஆறரையிலிருந்து ஏழு வரைதான் அவளுக்கென்று கிடைக்கிற நேரம்.

சொல்லி வைத்தாற்போல் அந்த நேரத்தில்தான் மாடி வீட்டு வக்கீலம்மா வாக்குவம் கிளீனரைப் போடுவார்.

"இருக்கறது ஒரே ஆள். தினமும் அரை மணி நேரம் உறிஞ்சற அளவுக்கு அப்படி என்னங்க குப்பை?"

"விடேன். சத்தத்தோட சத்தமா நீயும் வாசி" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எப்படி விடறது? ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கறாங்க. முழுப் பாட்டைத் தொடாதீங்க, தடுமாறுற நாலு வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிங்கன்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். தாடைக்குக் கீழ வெச்சிருக்கறதால ஏதோ எனக்கு மட்டும் கேக்குது!"

போன மாதம் கீழ்வீட்டுக்காரர் அவளைப் படிக்கட்டில் நிறுத்தி, "வீட்ல பூனை குட்டி போட்டிருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். கூனிக் குறுகிப்போய் ஒரு வாரம் பெட்டியையே திறக்கவில்லை. மனசைத் தேற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தால், அன்றைக்கே மாடியில் இந்த இரைச்சல்.

"கூட்டுச் சேர்ந்து விரட்டறாங்க! ஒரு பொம்பளை இந்த வயசுல ஒண்ணு கத்துக்கிட்டா யாருக்கு வலிக்குது?"

படபடவென்று மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

வக்கீலம்மா திறந்தார். காதில் பஞ்சு. கையில் காபி.

ஹாலுக்கு நடுவே வாக்குவம் கிளீனர் தன்பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. குழாயைக்கூடச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார். சோபாவுக்கு அடியில் தூசி அப்படியே இருந்தது.

"என்ன அநியாயம்! பெருக்கக்கூட இல்லையா? வேணும்னே போட்டு விட்டிருக்கீங்க!"

"ஆமாம்மா. வேணும்னேதான்."

"நீங்க வக்கீல்னா யாரும் கேட்க மாட்டாங்கன்னு நெனப்பா? என் ஞாயித்துக்கிழமை போச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

வக்கீலம்மா பஞ்சை எடுத்துவிட்டு ஜன்னலோரம் கை காட்டினார். இஸ்திரி போட்ட துணிகளுக்கு அடியில் ஒரு கீபோர்டு.

"அம்பது வயசுல ஆசைப்பட்டு வாங்கினது. தப்பா வாசிச்சா நாலு பேர் சிரிப்பாங்களேன்னு தெரிஞ்ச ஒரே பாட்டையே வாசிச்சிட்டிருந்தேன். அப்புறம் அதுவும் இல்லை. இப்ப துணி வைக்க ஆகுது."

"அதுக்கு நான் என்ன பண்றது? அந்தக் கோபத்தை என் மேல காட்டுவீங்களா?"

"கீழ்வீட்டுக்காரர் என்கிட்டதான் வந்தார், உன் மேல கேஸ் போட முடியுமான்னு. நீ மறுபடி ஆரம்பிச்ச அன்னிக்கே இதைப் போட்டுட்டேன். இப்ப உன் வயலின் அவர் காதுல விழறதே இல்லை. என்னைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டறார்."

அவள் ஹாலில் அலறிக்கொண்டிருந்த வாக்குவம் கிளீனரைத் திரும்பிப் பார்த்தாள்.

வக்கீலம்மா பஞ்சை மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

"நிக்காதே, ஏழு மணி ஆகப்போகுது. நீ போய் தப்புத் தப்பா வாசி. கேஸ் வந்தா என் மேல வரட்டும்!"