இசை: சிவபாலன்

"இது எரிக்கத்தானே போகும்?" என்று சிவபாலன் இரண்டாம் தடவையும் கேட்டார். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துக் கழிவு நிலைய ஊழியன் தலையாட்டினான். சப்பாத்துப் பெட்டி பெரிய இரும்புத் தொட்டிக்குள் விழுந்தது. அழுத்தும் இயந்திரம் அதை நசுக்கிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அறுபத்தாறு வயதில் தடயம் அழிக்கும் நிலை தனக்கு வரும் என்று மனுசன் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

தடயம் என்றால் அந்தப் பெட்டிக்குள் இருந்த மூன்று கசெட்டுகள். முப்பது வருடங்களுக்கு முன், கிழமை நாட்களில் துணித் தொழிற்சாலை வேலையும் சனி ஞாயிறுகளில் கலியாண வீடியோவுமாக ஓடித்திரிந்த காலத்தில், பழைய சாமான் சந்தை ஒன்றில் அமெரிக்க இசைத்தட்டுகள் சில வாங்கினார். பாட்டே இல்லாமல் வயலின்கள் குழைந்து குழைந்து வரும் மெல்லிசை. அவற்றைக் கசெட்டில் பதிந்துகொண்டார். தட்டுகள் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து வளைந்துபோக, தூக்கி எறிந்துவிட்டார்.

மாப்பிள்ளை அழைப்புக்கும் தாலி கட்டுக்கும் அந்த இசையைத்தான் போட்டார். வீடியோ முடிவில் 'இசை: சிவபாலன்' என்று எழுத்தும் ஓடவிட்டார். தேடிச் சேர்த்தது நான்தானே என்று அப்போது ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"அண்ணை, என்ன மாதிரி மியூசிக் அமைச்சிருக்கிறியள்!" என்று சனம் புகழ்ந்தபோது வாயைத் திறக்கவில்லை. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் ஒரு விழாவில் 'மெல்லிசை வேந்தர்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். அதையும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஊர்ச்சனம் போகட்டும். அப்பாவின் இசையைக் கேட்டு வயலின் எடுத்த மகள் துவாரகா இன்று அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. அவளுக்கு உண்மை தெரிந்தால் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? அந்த நினைப்புத்தான் அவரைத் தின்றது.

போன கிழமைதான் ஒரு கடிதம் வந்தது. மறந்துபோன அமெரிக்க மெல்லிசை இசையமைப்பாளர்களைத் தேடுகிற குழுவாம். லெஸ்டர் பிராம்வெல் என்பவரைப் பற்றிக் கதைக்க வேண்டுமாம். 'கசெட்டுகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம், புதன்கிழமை மூன்று மணிக்கு நேரில் வருகிறோம்.' பிராம்வெல்! இசைத்தட்டு உறையில் இருந்த அதே பெயர். பிடித்துவிட்டார்கள் என்றே சிவபாலன் நினைத்தார். கடிதத்தை மனைவிக்குக்கூடக் காட்டவில்லை.

சொன்னபடி புதன்கிழமை மூன்று மணிக்கு அன்னா என்ற டெனிஷ் பெண் வந்தாள். கையில் பஞ்சு வைத்த பெட்டி. சான்றுப் பொருளை எடுத்துப் போகப் பெட்டியோடுதான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே சிவபாலன் தேநீர் ஊற்றினார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வேலை நாளில் ஒருபோதும் எட்டிப்பார்க்காத துவாரகா நின்றாள்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு வேலையில்லையோ?"

"லீவு எடுத்தனான் அப்பா." அவள் போய் அன்னாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

இவளும் இன்றைக்குத்தானா வரவேண்டும் என்று சிவபாலன் தன் விதியை நொந்துகொண்டார்.

"உங்கள் வீடியோக்களில் வரும் இசையைப் பதிந்த கசெட்டுகளைப் பார்க்கலாமா?" என்று அன்னா டெனிஷில் கேட்டாள்.

"இல்லை." அவருடைய டெனிஷ் தடுமாறியது. "இன்று காலைதான் கழிவு நிலையத்தில் போட்டேன். நசுங்கிவிட்டன."

அன்னாவின் கை பெட்டி மூடியிலேயே நின்றுவிட்டது. துவாரகா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"பிராம்வெலின் மூல ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரு தீயில் போய்விட்டன, வெளிவந்த இசைத்தட்டுகளும் எங்கும் கிடைக்கவில்லை" என்றாள் அன்னா மெதுவாக. "எழுதிவைத்த இசைக்குறிப்பும் இல்லை. கலியாண வீடியோக்களில் மேளமும் மந்திரமும் மேலே நிற்கின்றன. இசை மட்டும் தனியாக இருந்தது உங்கள் கசெட்டுகளில்தான். அதைக் கேட்டு எழுதி, இங்கே ஓர் இசைக்குழு வாசிக்க இருந்தது. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

சிவபாலனுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மனுசனின் பெயரை முப்பது வருடம் மறைத்தது போதாதென்று, மிச்சமிருந்த இசையையும் இன்றைக்குத் தன் கையாலேயே அழித்துவிட்டார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மகளின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"பிள்ளை, அது நான் அமைச்ச இசையில்லை. இவ்வளவு காலமும் பொய் சொல்லிப்போட்டன். உனக்குத் தெரிஞ்சிடும் எண்ட பயத்திலைதான் எறிஞ்சனான்."

துவாரகாவின் கண்கள் நிறைந்திருந்தன.

"சின்னனிலையே அந்தத் தட்டு உறையிலை பேர் பாத்தனான். அது ஆருடைய இசையெண்டு அன்னாவுக்கு எழுதினதே நான்தான், அப்பா."