வளையல்மேல் கட்டு

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணிக்கட்டு. விரல்களும் டிரிப்ஸ் ஏறும் புறங்கையும் மட்டும் வெளியே. கட்டுக்குள் வளைகாப்பு வளையல்கள்.

வலி வந்து அவள் கையை இறுக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு மங்கிய சத்தம்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா மதுரையிலிருந்து கொண்டுவந்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அறை சொல்லிவைத்தாயிற்று.

காலையில் மளமளவென்று ஏறிய வலி, வெயில் ஏறிய பிறகு மந்தமாகிவிட்டது.

ஜன்னல் வழியே மாமனார் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கிளம்பிருவோம்."

அவர் கேட்டதில் தப்பில்லை. தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவர்களின் பொறுப்பு. அதை இந்த மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவர் எப்படி நிம்மதியாக உட்காருவார்?

ஆனால் கட்டிலில் கிடப்பவள்தான் இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர்.

அரசி இங்கே வேலைக்கு வந்தபோது பிரசவ அறையில் பல்லிகள்தான் குடியிருந்தன. கையில் காசு இருந்தவர்கள் மதுரைக்கு வண்டி ஏறினார்கள். இல்லாதவர்கள் வீட்டிலேயே பெற்றார்கள். சிலர் பிழைக்கவில்லை.

ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அங்கே வந்தால் வளையலைக் கழற்றச் சொல்வார்கள். கழலாவிட்டால் உடைப்பார்கள். பிள்ளை பிறக்கும் முன்னால் வளைகாப்பு வளையலுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

அரசி வாதாடவில்லை.

மறுநாளே இந்தக் கட்டு வந்தது. கையைக் கழுவி, வளையல்மேல் மெத்தென்று துணியைச் சுற்றிவிடுவது. உடைந்தாலும் குத்தாது. உடையவும் உடையாது.

அதன் பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். யாரையும் கட்டில் நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றாள். அவர்கள் கேட்கிற ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். அம்மாவோ, அக்காவோ, புருஷனோ.

வசதியான வீடுகள் மட்டும் இன்னும் மதுரைக்கே போய்க்கொண்டிருந்தன. டாக்டரம்மா தன் பிள்ளையை எங்கே பெறப்போகிறாள், பார்ப்போம் என்று காத்திருந்தன.

அவளுக்கும் அது தெரியும். எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டவள், தன் முறை வந்ததும் வண்டி ஏறினால் எந்த முகத்தோடு திரும்பி வருவது என்று அப்பாவிடம் போனில் கேட்டிருந்தாள்.

இப்போது பேசத் தெம்பில்லை. ஆனாலும் டிரிப்ஸைக் கூட்டு, பிரஷர் பார் என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"அரசி கண்ணு, டாக்டர் வேலைய நாங்க பாத்துக்கிறோம். நீ பெத்து மட்டும் குடு" என்றார் செசிலி சிஸ்டர்.

நேற்று வரை மேடம் என்று கூப்பிட்டவர்.

வலியோடு வலியாக அரசி சிரித்துவிட்டாள்.

அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சிஸ்டர் குழந்தையின் துடிப்பைக் கேட்டு முடிக்கும் வரை அவர் முகத்தையே பார்த்தான். கேட்க நினைத்ததைக் கேட்கவே தேவையிருக்கவில்லை.

"மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தா, நீங்க கேக்குறதுக்கு முந்தியே நாங்க ஏத்தியிருப்போம் தம்பி. வீம்புக்கு யாரையும் இங்க வச்சிருக்கக் கூடாதுன்னு இவதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தா. துடிப்பு நல்லா இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

அவன் அரசியைப் பார்த்தான். அவள் கட்டுப்போட்ட கையால் அவன் விரலை ஒருமுறை அழுத்தினாள்.

அவன் ஜன்னலருகே போனான்.

"என்ஜினை அணைச்சிருங்க மாமா."

சத்தம் நின்றது. வேப்பமரத்துக் காக்கைகளின் சத்தம் கேட்டது.

பிறகு வலி திரும்பி வந்தது. வந்த வேகத்தில் எதையும் யோசிக்க விடவில்லை.

பெண் குழந்தை.

நல்ல குரல்.

சிஸ்டர் கட்டைப் பிரித்தார். பச்சையும் சிவப்புமாக அத்தனையும் முழுசாக இருந்தன. பிரசவம் பார்த்தவருக்கே வளையலைக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வேலை நேரத்தில் சிஸ்டர்கள் கையில் வளையல் கூடாது என்பது அரசியின் சட்டம். அதனால் வாங்குகிற வளையலையெல்லாம் கயிற்றில் கோத்துத் தாழ்வாரத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவார்கள். கம்பியே தெரியாத அளவுக்குச் சேர்ந்திருந்தது.

இவற்றையும் கோத்துக் கட்டினார்.

மாமனார் அந்த ஜன்னலடியில் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வளையல்களைப் பார்த்தார். கீழிருந்து மேல் வரை பார்த்தார். கண்ணைத் துடைக்கக் கை காலியில்லை.

வெயில் தாழ்ந்த நேரம், வேப்பமரத்தடியில் இன்னொரு கார் வந்து நின்றது. மில்காரர் வீட்டு வண்டி. மதுரையில் பெயர் பதிந்திருந்த வீடு. அந்த வீட்டு மாமியார் முதலில் இறங்கினார். வலியில் முகம் சுருங்கிய மருமகள், இடுப்பைப் பிடித்தபடி பின்னால்.

"டாக்டரம்மா பெத்தது எந்தக் கட்டில்? எங்களுக்கும் அதையே குடுங்க."

செசிலி சிஸ்டர் பதில் சொல்லும் முன்னால் மாமனார் திரும்பினார்.

"எல்லாக் கட்டிலும் ஒண்ணுதாம்மா. இது என் பொண்ணு ஆஸ்பத்திரி."

சிஸ்டர் அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டார்.

அவள் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே, வளையல் நிறைந்த இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.