யாரைப் பார்த்தால் பயம்?

"ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. பொண்ணு எழுதினதைப் பத்திப் பேசணும்."

டீச்சர் போனில் இப்படிச் சொன்னதிலிருந்து தையல்காரிக்கு மெஷினில் வேலை ஓடவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளை எழுதச் சொன்ன தலைப்பு அப்படி: வீட்டில் எனக்கு யாரைப் பார்த்தால் பயம்?

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் கை ஓங்குகிற ஆள் இவள் ஒருத்திதான்.

போன செவ்வாய்க்கிழமைகூட, தைக்கக் கொடுத்த துணியில் மகள் பொம்மைக்குப் பாவாடை வெட்டிவிட்டாள் என்று பளாரென ஒன்று வைத்தாள். பத்தே நிமிடம். இவளே போய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொம்மைக்குப் பாவாடையையும் தைத்துக் கொடுத்தாள். அதையெல்லாமா பிள்ளைகள் எழுதும்? அடியைத்தான் எழுதும்.

"ஏங்க, போலீசுக்கெல்லாம் சொல்லிடுவாங்களா?"

கணவன் சிரித்தான். ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவன். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நூறு பேருக்கும் பதில் சொல்லுவான். மகளை ஒரு அடி அடித்ததில்லை, அதட்டியதில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சர்டிபிகேட் கொடுத்திருந்தது.

"கையை அடக்கு, அடக்குன்னு எத்தனை தடவை சொன்னேன்? சரி சரி, அழாதே. நான் பேசிக்கறேன்."

பள்ளி வாசலில் நுழையும்போதே அவள் மனசுக்குள் சத்தியம் செய்துவிட்டாள். இனி பிள்ளை மேல் கை வைத்தால் இந்தக் கை விளங்காமல் போகட்டும்.

மகள் வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அம்மா, யாருக்கும் காட்ட மாட்டேன்னு டீச்சர் சொன்னாங்கம்மா."

"ஒண்ணும் இல்லடி கண்ணு. அம்மா திட்ட மாட்டேன்."

உள்ளே டீச்சர் தாளை எடுத்ததும் கணவன் கை நீட்டினான். "கொடுங்க, நானே படிக்கறேன்."

சத்தமாகவே படித்தான். "'எங்க அம்மா அடிப்பாங்க.'" நிறுத்தி மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"'அடிச்சிட்டு அவங்களே அழுவாங்க. உடனே சரியாயிடும். அப்பா அடிக்க மாட்டாங்க. கோபம் வந்தா பேச மாட்டாங்க. போன தடவை ஒன்பது நாள்...'"

குரல் தேய்ந்து நின்றுபோனது. மீதியை அவள்தான் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

'நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க. நான் வீட்ல இருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கும். கண்ணாடியில போய்ப் பார்த்துக்குவேன். எனக்கு அப்பாவைப் பார்த்தாதான் பயம்.'

அந்த ஒன்பது நாள் மௌனத்தைக் கணவனின் பொறுமை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வீட்டில் சத்தமில்லையே என்று நிம்மதிகூடப் பட்டாள். இப்போது நினைக்கையில் உடம்பு கூசியது.

"குழந்தை ரொம்ப பயந்திருக்கா சார். நீங்க அவகிட்ட கொஞ்சம் பேசினீங்கன்னா போதும்" என்றாள் டீச்சர்.

அவன் தாளை நாலாக மடித்து மேஜையில் வைத்தான். எழுந்து வெளியே போனான்.

"அப்பா!" மகள் பெஞ்சிலிருந்து குதித்து ஓடினாள். "சாரிப்பா! தெரியாம எழுதிட்டேன்ப்பா!"

அங்கே யாருமே இல்லாதது போல அவன் கேட்டை நோக்கி நடந்தான்.

தையல்காரி ஓடி வந்து மகளைப் பிடித்தாள். குழந்தை அம்மாவின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா கேட் தாண்டறதுக்குள்ள என்னை நல்லா அடிச்சிடும்மா. அவர் பார்க்கட்டும். அதோட முடிஞ்சிடுமில்ல?"